கடல் கடந்து கற்பிக்கப் போகும் பிள்ளைகளுக்கு



யாழ்ப்பாணத்தில், கோப்பாயில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர்களும் திருநெல்வேலிப் பல்கலைக்கழகத்தில் பட்டம் எடுத்தவர்களுமாக உங்களில் பலர் மாலைதீவுக்குப் படிப்பிக்கப் போகிறீர்கள். மானிப்பாயில் என் வீட்டுக்கு வந்து நற்சான்றுக் கடிதம் கேட்ட பிள்ளைகளே கடந்த இரண்டு வருடத்தில் ஏழு பேர். எல்லாருக்கும் மனம் நிறைந்து எழுதிக் கொடுத்தேன். கையெழுத்து வைக்கும்போது எல்லாரிடமும் ஒன்றைக் கேட்டேன்: "அந்தச் சனத்தின்ர பாஷையில ஏதும் தெரியுமோ பிள்ளை?" ஏழு பேரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "அங்க இங்கிலிஷிலதானே ரீச்சர் படிப்பிக்கிறது."

1981 ஒக்டோபரில் நானும் இதே பதிலைச் சொல்லிக்கொண்டுதான் நைஜீரியாவுக்கு விமானம் ஏறினேன். அந்தப் பதிலுக்கு நான் கொடுத்த விலையையும், என்னைவிட அதிகமாக ஒரு பிள்ளை கொடுத்த விலையையும் உங்களிடம் சொல்லாமல் விட்டால் நான் எழுதித் தந்த நற்சான்றுகள் அரைகுறையானவை. அதனால் இந்த மடல்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2022 இல் நாடு விழுந்த விதத்தை உங்களோடு சேர்ந்து நானும் பார்த்தேன். பெற்றோலுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றோம். அந்த ஆண்டு அரசாங்கமே தன் ஊழியர்களுக்கு ஐந்து வருடம் வரை சம்பளமற்ற லீவு தந்து, வெளிநாடு போய் உழைக்கச் சொன்னது. வீட்டுக் கடனும், தங்கையின் கலியாணமும், அப்பாவின் மருந்துச் செலவும் தோளில் இருக்கிற பிள்ளையைப் பார்த்து "இங்கேயே இரு" என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? போங்கள். உழையுங்கள். எப்படிப் போகிறீர்கள் என்பதைப் பற்றித்தான் எனக்குக் கதைக்க வேண்டும்.

நைஜீரியா 1976 இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவச ஆரம்பக் கல்வி என்று அறிவித்தது. எண்ணெய்ப் பணம் கொட்டிய காலம். அந்தப் பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வந்தபோது அவர்களுக்கு ஆசிரியர் போதவில்லை. இந்தியா, பாகிஸ்தான், பிலிப்பைன்ஸ், கானா என்று எங்கெங்கிருந்தோ ஆட்களை எடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் நிறையப் பேர் போனோம். என் கணவர் கணிதம், நான் இரசாயனவியல். வடக்கில், கானோ நகரத்திலிருந்து பஸ்ஸில் மூன்று மணித்தியாலம் போகிற ஓர் ஊரில், பெண்பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படிக்கிற பாடசாலை ஒன்றில் எனக்கு நியமனம்.

போய் ஒரு மாதத்தில் ஹர்மட்டான் காற்று தொடங்கியது. சகாராவிலிருந்து வருகிற புழுதி. விடிந்தால் வானம் சாம்பல் நிறம், உதடு வெடிக்கும், விரித்து வைத்த கொப்பியில் விரலால் பெயர் எழுதலாம். அதற்குப் பழகிவிட்டேன். பிள்ளைகளோடுதான் பழகவில்லை.

அங்கே பின்வரிசையில் ஒரு மாணவி இருந்தாள். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், பதிலும் சொல்லுவாள், ஆனால் என் முகத்தைப் பார்க்க மாட்டாள். கண் நிலத்தில். வீட்டுவேலையை நீயா செய்தாய் என்று ஒரு நாள் கேட்டேன். தலையைக் குனிந்தபடி "ஓம்" என்றாள். என் கண்ணைப் பார்த்துச் சொல் என்றேன். இன்னும் குனிந்தாள். வெளியில் வழியில் கண்டால் சட்டென்று முழங்காலை மடித்துக் குந்திவிடுவாள். அதையும் நான் நடிப்பு என்றே எடுத்தேன். தவணை முடிவில் அவளுடைய தேர்ச்சி அறிக்கையில், இவளிடம் நேர்மை இல்லை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

விடுமுறை முடிந்து அவள் திரும்பி வரவில்லை. இடாப்பில் அவள் பெயருக்கு நேரே நான்கு கிழமை சுழியம் போட்டேன். பிறகு அந்தப் பெயரைச் சிவப்பு மையால் வெட்டினார்கள். அந்த ஊர் ஆசிரியை ஒருவரிடம் கேட்டபோது, தகப்பன் மறித்துவிட்டார், கலியாணம் பேசுகிறார்கள் என்றார். என் வரிதான் காரணம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதியதை அவர் வாசித்திருந்தார். அப்போதுதான் சொன்னார்: எங்கள் ஹௌசா இனத்துப் பிள்ளை பெரியவரின் கண்ணைப் பார்ப்பது மரியாதைக் கேடு, குந்தி வணங்குவதுதான் முறை, நீங்கள் அவளைக் கண்ணைப் பார் என்று சொன்னபோது அவள் செத்துப் பிழைத்திருப்பாள்.

பிள்ளைகளே, இதில் என்னை இன்றுவரை சுடுவது எது தெரியுமா? என் அப்பாவுக்கு முன்னால் நானும் தலை நிமிர்த்தாமல் நின்று வளர்ந்தவள். பெரியவர்கள் கதைக்கும்போது முகத்தைப் பார்த்துக் கதைத்தால் "வாய்க்காரி" என்று அம்மம்மா காதைத் திருகுவா. அதே குனிவை, அதே பயம் கலந்த மரியாதையை, வேறொரு நாட்டில் வேறொரு நிறத்துப் பிள்ளையிடம் கண்டபோது என்னால் அடையாளம் காண முடியவில்லை. கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். கேட்பதற்கு எனக்குச் சொல் இல்லை, சொல் தேடுகிற எண்ணமும் இல்லை. இங்கிலிஷிலதானே படிப்பிக்கிறது என்று இருந்துவிட்டேன்.

ஏன் இருந்துவிட்டேன் என்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த வழி உங்களுக்கும் வசதியாகத் திறந்து கிடக்கும். அந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் ஏழெட்டு இருந்தன. சனிக்கிழமை ஒரு வீட்டில் சமையல், பாட்டுக் கசெற், கடுதாசி விளையாட்டு. லண்டனுக்கு யார் விசா எடுத்தார்கள், கனடாவுக்கு எப்படி மனுப் போடுவது, நைராவை எப்படி அனுப்புவது, இவைதான் பேச்சு. அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வீடுகள் இல்லாவிட்டால் முதல் வருடம் நான் அழுதே முடித்திருப்பேன். ஆனால் அதே வீடுகளில்தான் "இதுகளுக்கு மண்டையில ஒண்டும் ஏறாது" என்ற சொல்லும் புழங்கியது. இதுகள்! நானும் சொல்லியிருக்கிறேன். ஐந்து வருடம் அங்கே இருந்து ஐந்து சொல் தெரியாமல் திரும்பி வந்தவர்கள் எங்களுக்குள் இருந்தார்கள். நைஜீரியாவில் அவர்கள் வாழவில்லை, அங்கே சம்பளம் வாங்கினார்கள்.

இங்கேயும் அப்படித்தான். மலைநாட்டுக்கும் வன்னிக்கும் நியமனம் பெற்றுப் போன எங்கள் ஆசிரியர்கள் சிலரைப் பற்றி அந்த ஊர்ப் பெற்றோர் சொல்லும் குறையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். வெள்ளி பின்னேரம் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள், திங்கள் பிந்தி வருகிறார்கள், பிள்ளையின் வீடு எது என்று தெரியாது, மாற்றம் கிடைத்ததும் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. அதே பஸ் பிடிக்கிற மனத்தோடு கடல் தாண்டினால் என்ன ஆகும் என்றுதான் பயப்படுகிறேன்.

என்னை மாற்றியவர் பாடசாலைக் காவலாளி. மைகாடி என்பார்கள். முதிய மனிதர், எழுத்து வாசனை கிடையாது. ஒவ்வொரு நாளும் பாடசாலை விட்டு நான் வாசலைத் தாண்டும்போது ஏதோ சொல்லுவார், நான் தலையாட்டிவிட்டுப் போவேன். அந்த மாணவியின் பெயரை வெட்டிய கிழமை நின்று கேட்டேன், என்ன சொல்கிறீர்கள் என்று. "இனா கஜியா" என்றார். உடன் வந்த பிள்ளை மொழிபெயர்த்தாள்: களைப்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார். அதற்கு "பா கஜியா" என்று பதில் சொல்ல வேண்டுமாம். களைப்பு இல்லை.

ஐந்து மாதமாக ஒருவர் தினமும் என் களைப்பை விசாரித்துக்கொண்டு இருந்திருக்கிறார். வாசலில் நின்று அழுதேன்.

அன்றிலிருந்து அவர்தான் எனக்கு ஆசிரியர். ஹௌசாக்காரர் வணக்கம் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு நகர்வதில்லை. இரவு எப்படிக் கழிந்தது, இனா க்வானா. வீடு எப்படி, இனா கிடா. வேலை எப்படி, களைப்பு எப்படி என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். நலம் என்பதற்கு லாஃபியா. நாளுக்கு இரண்டு சொல் என்று ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதி வைத்தேன். இரண்டு மாதத்தில் பிள்ளைகள் என் உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கினார்கள். ஒரு வகுப்பு தன் ஆசிரியையைத் திருத்துகிற துணிவு பெற்றுவிட்டால் அதன்பின் எந்தக் கேள்வியையும் கேட்கும். இரசாயனவியலில் அதுவரை என்னிடம் ஒருத்தியும் கேள்வி கேட்டதில்லை.

ஒரு நாள் அமிலம், காரம் பாடம். புத்தகத்தில் உள்ள பெயர்களை எத்தனை தரம் சொன்னாலும் முகங்கள் கல்லாக இருந்தன. சந்தையில் புளியம்பழமும் கன்வாவும் வாங்கிக்கொண்டு போனேன். புளிக்கு அவர்கள் பாஷையில் சாமியா. தினைக் கஞ்சியில் கரைத்துக் குடிப்பார்கள். கன்வா என்பது நிலத்திலிருந்து வெட்டி எடுக்கிற காரக் கல். பயறு கெதியாக அவிய அடுப்பில் ஒரு துண்டு போடுவார்கள். இரண்டையும் தண்ணீரில் கரைத்து லிற்மஸ் தாளை நனைத்தேன். ஒன்றில் சிவப்பு, மற்றதில் நீலம். "சாமியா!" என்று முன்வரிசை கத்தியது. "கன்வா!" என்று பின்வரிசை. தாயின் குசினியில் இருந்ததுதான் புத்தகத்திலும் இருக்கிறது என்று அந்தப் பிள்ளைகள் கண்டுகொண்ட சத்தம் அது. அதை இங்கிலிஷில் மட்டும் படிப்பித்து என்னால் எழுப்பியிருக்க முடியாது.

இது என் கண்டுபிடிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். ஊருக்குத் திரும்பிய பிறகு, என் வீட்டுக்கு ஒரு நடை தூரத்தில் இதே காரியத்தை நூறு வருடத்துக்கு மேல் முன்னரே ஒருவர் செய்திருந்ததைப் படித்து அறிந்தேன். மானிப்பாயில் கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையைத் தாண்டித்தான் நாங்கள் எல்லாரும் போய்வருகிறோம். அமெரிக்காவிலிருந்து 1847 இல் வந்தவர் வைத்தியர் சாமுவேல் கிறீன். எங்கள் பையன்களுக்கு ஆங்கிலத்தில் மருத்துவம் படிப்பித்தார். படித்து முடித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடி வெளியூர் போனார்கள், கிராமம் வைத்தியர் இல்லாமலே கிடந்தது. அப்போது அந்த மனிதர் எடுத்த முடிவைப் பாருங்கள்: 1860களில் மருத்துவப் படிப்பையே தமிழுக்கு மாற்றினார். எலும்புக்கும் நரம்புக்கும் நோய்க்கும் மருந்துக்கும் தமிழில் சொல் தேடி, மாணவர்களோடு உட்கார்ந்து பெரிய பெரிய நூல்களை மொழிபெயர்த்தார். 1873 இல் ஊர் திரும்பிய பின்னும் அங்கிருந்தபடி அந்தத் தமிழ் வேலையை விடவில்லை. 1884 இல் அங்கேயே இறந்தார்.

அவர் மட்டுமா? 1816 இல் தெல்லிப்பளைக்கு வந்து பள்ளிக்கூடம் தொடங்கிய டானியல் பூவர், 1821 இல் மனைவியை அதே மண்ணில் அடக்கம் செய்துவிட்டு, 1823 இல் வட்டுக்கோட்டைச் செமினரியை நடத்தப் போனார். தமிழில் சரளமாகப் பேசினார். 1855 இல் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்தார். பேர்சிவல் பாதிரியார் எங்கள் பழமொழிகளைத் தேடித் தேடிச் சேர்த்து 1842 இல் யாழ்ப்பாணத்திலேயே அச்சிட்டார். உடுவில் பெண்கள் பாடசாலைக்கு 1840 இல் வந்த எலைசா அக்னியூ அம்மையார் 43 வருடம் ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. தன் முதல் மாணவிகளின் பிள்ளைகளுக்கும் அவரே படிப்பித்தார். அவரை ஆயிரம் மகள்மாரின் தாய் என்று சொல்வார்கள்.

அவர்கள் மதம் மாற்ற வந்தவர்கள்தான், அதை நான் மறைக்கவில்லை. பேர்சிவலோடு விவிலிய மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலரே 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி அவர்களை எதிர்த்து நின்றார். நானும் சைவக் குடும்பத்துப் பிள்ளை, அந்த எதிர்ப்பின் நியாயம் எனக்குத் தெரியும். ஆனாலும் வீட்டு நினைவில் வாடி, வெக்கையில் வதங்கி, காய்ச்சலில் விழுந்து எழும்பிய அந்த அந்நிய ஆசிரியர்கள் செய்த முதல் வேலை ஒன்று உண்டு. எங்கள் பிள்ளைகளின் பாஷையில் எழுத்துக் கூட்டினார்கள். நாங்கள் அவர்களை நினைவில் வைத்திருப்பது அதனால். இந்தக் குடாநாடு வெளிநாட்டு ஆசிரியர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதை வாங்கிய பக்கத்திலிருந்து அறிந்த ஊர். கொடுக்கிற பக்கத்துக்குப் போகும்போது நாங்கள் குறைந்து போகலாமா?

"ரெண்டு வருஷந்தானே ரீச்சர்" என்று சொல்லுவீர்கள். உங்களுக்கு அது ரெண்டு வருடம். ஒன்பதாம் வகுப்பில் உங்கள் முன்னால் இருக்கும் பிள்ளைக்கு அதுதான் சோதனைக்கு முந்திய முழுக் காலம்.

உங்களுக்காகவும் சொல்கிறேன், அந்தப் பிள்ளைகளுக்காக மட்டும் அல்ல. நீங்கள் போவது சின்னத் தீவு. பலவற்றை ஒரு மணித்தியாலத்துக்குள் சுற்றி நடந்துவிடலாம். முதல் கிழமை கடலைப் படம் எடுத்து அனுப்புவீர்கள். இரண்டாம் கிழமை அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கைபேசியில் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பீர்கள். உங்கள் சாமியை வெளியில் கும்பிட வழியில்லாத நாடு, கோயில் மணி கேட்காது, நல்லூர்த் திருவிழா உங்களை விட்டுவிட்டு நடக்கும். அந்தத் தனிமையை யாழ்ப்பாணத்தோடு கதைத்து ஆற்ற முடியாது. நான் முயன்று பார்த்தவள். அந்தக் காலத்தில் கடிதம், இந்தக் காலத்தில் காணொளி அழைப்பு, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்து வீட்டுக்காரி உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிடும் நாளில்தான் அது ஆறும்.

1983 ஆடியில் எனக்கு அது ஆறிய விதத்தைச் சொல்லட்டுமா? தமிழருக்கு எதிரான கலவரச் செய்தியை பிபிசி வானொலியில்தான் முதலில் கேட்டோம். என் தங்கை கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தாள். எந்தத் தகவலும் இல்லை. அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டுப் பெண் வழமைபோல வேலிக்கு அப்பால் நின்று "இனா கிடா" என்றாள். வீடு எப்படி. அந்தக் கேள்விக்கு எப்போதும் லாஃபியா என்றுதான் சொல்வது, வீடே எரிந்தாலும் அதுதான் முறை. எனக்கு அந்தச் சொல் வாயில் வரவில்லை. "பா லாஃபியா" என்றேன். நலமில்லை.

அவள் வேலியைச் சுற்றி ஓடி வந்தாள். பின்னேரத்துக்குள் அந்தத் தெருவில் இருந்த பெண்கள் ஐந்தாறு பேர் என் முற்றத்தில் பாய் விரித்து இருந்தார்கள். இலங்கை எங்கே இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. சமைத்த களியும் குழம்பும் சட்டியோடு கொண்டு வந்திருந்தார்கள். ஒருத்தி என் காலைப் பிடித்துவிட்டாள். தங்கை அகதி முகாமில் உயிரோடு இருக்கிறாள் என்று பன்னிரண்டாம் நாள் தகவல் வரும்வரை யாராவது ஒருத்தி தினமும் வந்து இருந்தாள். ஒரு பாஷையில் இரண்டு சொல் தெரிந்திருந்ததால் எனக்குக் கிடைத்த உறவு அது. 1986 இல் நைரா விழுந்து சம்பளத்துக்கு மதிப்பில்லாமல் போக நாங்கள் திரும்பிவிட்டோம். அனுப்பிய காசில் கட்டிய வீட்டில் இப்போது இருக்கிறேன். அந்த முற்றம்தான் இன்னும் கனவில் வருகிறது.

உங்கள் வேலை என்னுடையதைவிட எளிது. மாலைதீவுக்காரரின் திவேகி மொழி சிங்களத்துக்குச் சகோதரி. எண்ணிப் பாருங்கள், ஒன்றும் நாலும் இரண்டு மொழியிலும் கிட்டத்தட்ட ஒரே சொல். பேருந்திலும் கந்தோரிலும் பொறுக்கிய சிங்களம் உங்களுக்கு ஏணியாகும். எங்கள் "ள" அவர்களிடமும் இருக்கிறது. எங்கள் சம்பலில் இடித்துப் போடுகிற மாசிக்குப் பெயர் தந்த "மஸ்" என்ற சொல்லுக்கு அங்கே மீன் என்று பொருள். காலையில் அதைத் தேங்காய்ப்பூவும் வெங்காயமும் போட்டுப் பிசைந்து, ரொட்டியோடு தருவார்கள். அது உங்களுக்கு அந்நியச் சாப்பாடே அல்ல.

தானா என்பது அவர்களுடைய எழுத்து. வலமிருந்து இடமாக ஓடும். எங்கள் 247 ஐ நெடுங்கணக்கில் படித்த உங்களுக்கு அது ஒரு மாத வேலை. அதன் முதல் ஒன்பது எழுத்தும் அரபு இலக்கங்களின் வடிவத்திலிருந்து வந்தவை. கணித ஆசிரியர் ஒருவருக்கு இதைவிட நல்ல நுழைவாசல் எங்கே கிடைக்கும்? நியமனக் கடிதத்தில் ஷவியானி, நூனு, ரா, பா என்று ஏதோ ஓர் அட்டோலின், அதாவது தீவுக் கூட்டத்தின், பெயர் இருக்குமே, அந்தப் பெயரே தானாவில் ஓர் எழுத்தின் பெயர்தான். வேலை தரும் கடிதத்திலேயே முதல் எழுத்தை எழுதித் தந்திருக்கிறார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். விசா வரும்வரை காத்திருக்கும் கிழமைகளில் தினமும் அரை மணித்தியாலம் அந்த எழுத்தோடு இருங்கள். போய் இறங்கியதும் தமிழ் ஆசிரியர்கள் எல்லாரும் ஒரே வீட்டை வாடகைக்கு எடுக்க நினைப்பீர்கள். எடுங்கள், ஆனால் கிழமையில் இரண்டு பின்னேரமாவது அந்த வீட்டை விட்டு வெளியே வந்து, பிள்ளைகளின் வீட்டு வாசலில் இருந்து கதையுங்கள். முதல் தவணையில் ஒரு பிள்ளையைப் பற்றியும் கெட்ட வார்த்தை எழுத வேண்டாம். உங்களுக்கு விளங்காத ஒவ்வொரு செய்கையையும் அந்த ஊர் ஆசிரியர் ஒருவரிடம் கேட்ட பிறகு எழுதுங்கள். "இதுகள்" என்ற சொல் உங்கள் வீட்டுக்குள் நுழைந்தால் அன்றைக்கே வெளியே தள்ளுங்கள்.

என்னிடம் நற்சான்று வாங்கிய ஏழு பேருக்கும், இனி வாங்க வரப்போகிறவர்களுக்கும் இன்னும் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. மூன்று மாதம் கழித்து, உங்கள் வகுப்பு இடாப்பில் உள்ள பிள்ளைகளின் பெயர்களை அவர்களுடைய எழுத்தில், உங்கள் கையால் எழுதிப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பிழை இருந்தால் இருக்கட்டும். அந்தப் பிள்ளைகள் திருத்திய கோடுகளையும் அழிக்காமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
மானிப்பாயிலிருந்து உங்கள் ரீச்சர்